ஜார்ஜ் டவுன் சனிக்கிழமை நடை: அங்கேயே பிறந்தவள் போய் வந்து எழுதுவது

சென்னை ஜார்ஜ் டவுனில், தம்புச் செட்டித் தெருவில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில் பிறந்து, கல்யாணமாகிப் பெரம்பூர் போகும்வரை 23 வருஷம் அங்கேயே வளர்ந்தவள் நான். அப்பா லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் குமாஸ்தா. மத்தியானம் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடி ஓடியே அந்தச் சந்துகளெல்லாம் எனக்குக் கால்பாடம். அதனால், ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் காட்ட ஒருவர் ஆளுக்கு 350 ரூபாய் வாங்குகிறார், "அத்தை, நாமளும் போலாமா?" என்று தம்பி மகள் கேட்டபோது எனக்கு மனசே வரவில்லை. என் தெருவை எனக்கே காட்ட ஓர் ஆளா என்று இருந்தது. அவள் கட்டடக்கலை படிக்கிற பெண். விடவில்லை. போனோம்.

போய் வந்து இரண்டு வாரமாகிறது. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த ஒரு வார்த்தைக்கு அறுபது வயதுக்கு மேல் அர்த்தம் தெரிந்துகொண்டு வந்திருக்கிறேன். அதற்காகவே இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த வார்த்தை "அந்தப் பக்கம்". எங்கள் பாட்டிக்கு பிராட்வேதான் எல்லைக்கோடு. கொத்தவால் சாவடிக்குக் காய் வாங்கப் போனால் "அந்தப் பக்கம் போயிட்டு வரேன்" என்பாள். கந்தகோட்டம் போனாலும் அந்தப் பக்கம்தான். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஆனால் ஏதோ வெளியூருக்குப் போவதுபோலப் புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்புவாள். யார் வீட்டுக் கல்யாணப் பேச்சு வந்தாலும், "ஊர்கோலம் நம்ம தெருவுக்குள்ளேயே சுத்தி வரட்டும், அந்தப் பக்கம் வேண்டாம்" என்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவள் மாமியார் சொன்னதாம்.

இனி நடைக்கு வருகிறேன். நடத்துபவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் சொல்லி ஒருவர் வந்தாலே போதும், கூட்டம் சேர்ந்தால் சந்துக்குள் நிற்க முடியாது என்கிறார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அதிகபட்சம் 15 பேர், முழுக்கத் தமிழில். காலை 7 மணிக்குப் பாரிமுனையில் சேரவேண்டும். மூன்றரை மணி நேரம் ஆகிறது. கையில் லேமினேட் செய்த இரண்டு பழைய வரைபடங்கள், தோளில் ஒரு சின்ன ஒலிபெருக்கி. அவ்வளவுதான் அவருடைய சாமான்.

முதல் நிறுத்தம் டேர் ஹவுஸ் வளாகத்தில் இருக்கும் கூம்பு வடிவக் கல்தூண். எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போயிருப்பேன், அந்தக் கல்லை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. 1773-ல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். எதற்கு எல்லை? சார் கையை நீட்டி எதிரே ஐகோர்ட்டைக் காட்டினார். 1639-ல் கும்பினிக்காரர்களுக்கு, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, இடம் கிடைத்துச் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழும்பியதும் அதன் வடக்குச் சுவரை ஒட்டி நம் ஜனங்கள் குடியேறினார்கள். நெசவாளிகள், சாயக்காரர்கள், வண்ணார், துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளர்கள், வியாபாரிகள். அதற்குக் கும்பினி வைத்த பெயர் கறுப்பர் நகரம். கோட்டைக்குள் இருந்தது வெள்ளையர் நகரம். இன்றைய ஐகோர்ட் நிற்கும் மண்தான் அந்த முதல் கறுப்பர் நகரம்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்ப வந்தது. பக்கத்தில் வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வந்து சுடுவான் என்று, பிரெஞ்சுக்காரர் இடித்ததுபோக மிச்சத்தையும் ஆங்கிலேயரே இடித்துத் தள்ளினார்கள். ஜனங்கள் இன்னும் வடக்கே, இன்றைய ஜார்ஜ் டவுனான முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டார்கள். இடைப்பட்ட நிலத்தில் யாரும் வீடு கட்டக்கூடாது என்பதற்குத்தான் அந்த ஆறு கற்கள்.

"ஊரைக் காலிபண்ணிட்டு அந்தக் காலி இடத்துக்கும் காவலுக்குக் கல்லு நட்டிருக்கான் பாருங்க" என்றார் சார். அவர் குரலில் இருந்தது படித்துச் சொல்லும் குரல் இல்லை. அந்த இடத்திலேயே, இவருக்குக் கொடுத்த பணம் வீண் போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்து என் தெரு. தம்புச் செட்டித் தெருவுக்குள் நுழையும்போதே நெஞ்சு படபடத்தது. நாங்கள் இருந்த வீடு இப்போது மூன்று மாடி கிடங்கு. காளிகாம்பாள் கோயில் மட்டும் அதே வாசனையோடு இருக்கிறது. சிவாஜி 1677-ல் வந்து கும்பிட்ட கோயில் என்று கோயிலில் சொல்வார்கள். பாரதியார் வந்து போன கோயில் என்பதும் எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். சார் அதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்: "இது யார் கோயில்?"

விசுவகர்மா சமூகத்தாரின் கோயில். அது எனக்குத் தெரியும், என்னோடு படித்த ஆசாரி வீட்டுப் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். பொற்கொல்லர், தச்சர், கொல்லர், கன்னார், சிற்பி என்ற ஐந்து தொழில்காரர்கள். "அப்ப அவங்க கோயில் ஏன் இந்தப் பேட்டையில இருக்கு, அந்தப் பேட்டையில ஏன் இல்ல?" என்று அடுத்து கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதிலையும் அவர் அங்கே சொல்லவில்லை. "பிராட்வேயில சொல்றேன்" என்று நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வழியில் பவழக்காரத் தெரு. மத்தியதரைக் கடல் பவழத்தைக் கப்பலில் கொண்டுவந்து, இங்கிருந்து வைரம் வாங்கிப்போன யூத வியாபாரிகள் இருந்த தெரு. பெயர் மட்டும் மிச்சம்.

பிராட்வேயில் நாங்கள் நின்றபோது மணி எட்டேகால். பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. ஒரு கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்கவைத்தார். இன்று இது பிரகாசம் சாலை. 1928-ல் சைமன் கமிஷனை எதிர்த்த ஊர்வலத்தில் துப்பாக்கிக்கு நேராக நெஞ்சைத் திறந்து காட்டி நின்ற டி. பிரகாசத்தின் பெயர். அதற்கு முன் பாப்பம்ஸ் பிராட்வே. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் சீர்படுத்தி உண்டாக்கிய சாலை. அதற்கும் முன்னால் இங்கே சாலையே இல்லை, ஒரு பள்ளம்தான். மழைத் தண்ணீர் ஓடுகிற தாழ்ந்த வாய்க்கால். கிழக்குக் கரையில் முத்தியால்பேட்டை, மேற்குக் கரையில் பெத்தநாயக்கன்பேட்டை.

இதற்கப்புறம் அவர் சொன்னதுதான் இந்த நடையின் உயிர். என்னால் முடிந்தவரை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன்.

தமிழ்நாட்டில் சாதிகள் மேலும் கீழுமாக மட்டும் பிரிந்திருக்கவில்லை, வலமும் இடமுமாகவும் பிரிந்திருந்தன. வலங்கை, இடங்கை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இந்தப் பெயர்கள் வந்துவிடுகின்றன. பொதுவாக நிலத்தையும் விளைச்சலையும் சார்ந்தவர்கள் வலங்கை, கைத்தொழிலும் வெளியூர் வியாபாரமும் செய்தவர்கள் இடங்கை. சென்னையில் கோமுட்டிச் செட்டிகள் வலங்கைப் பக்கம், பேரிச் செட்டிகளும் விசுவகர்மாக்களான கம்மாளரும் இடங்கைப் பக்கம். இரண்டு கைக்கும் தனித்தனி மரியாதைகள். யார் வெள்ளைக்குடை பிடிக்கலாம், யார் வீட்டுப் பந்தலுக்கு எத்தனை கால், யார் கொடியில் என்ன சின்னம், மாப்பிள்ளை குதிரையேறலாமா பல்லக்கேறலாமா, எந்த மேளம் எந்தத் தெருவில் முழங்கலாம். இவற்றில் ஒன்று பிசகினாலும் ரத்தம் சிந்தும்.

கிராமத்தில் இதற்கெல்லாம் பழைய ஏற்பாடு ஒன்று இருக்கும். சென்னப்பட்டினமோ புது ஊர். தறியும் பணமும் தேடி எல்லா ஊரிலிருந்தும் வந்தவர்கள் நெருக்கியடித்துக் குடியேறிய ஊர். எந்தத் தெரு யாருடையது என்று முடிவாகவில்லை. கும்பினிக்கு இடம் கிடைத்து 13 வருஷத்தில், 1652-ல், முதல் பெரிய கலவரம். தெருக்களைப் பங்கு பிரித்துச் சமாதானம் செய்தார்கள். 1707-ல் மறுபடி பற்றிக்கொண்டது. கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதுதான் அப்போதும் தகராறு. அன்றைய கவர்னர் தாமஸ் பிட். வலங்கையார் கோபித்துக்கொண்டு கூட்டமாகச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். படகோட்டியும் வண்ணாரும் வேலைக்கு வராவிட்டால் கப்பலில் துணி ஏறாது. கும்பினி இறங்கிவந்து பேசவேண்டியதாயிற்று. போகப்போக வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை என்று ஊர் இரண்டாக நிலைத்தது.

"இந்தப் பள்ளம் ஏற்கெனவே இருந்துச்சு. ஆனா அதை எல்லையாக்கினது மழைத்தண்ணி இல்ல. கல்யாண ஊர்கோலம்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். பாட்டியின் "அந்தப் பக்கம்" இதுதான். அவள் மாமியார் சொல்லி, அந்த மாமியாருக்கு யாரோ சொல்லி, காரணம் உதிர்ந்துபோய் வெறும் பயம் மட்டும் எங்கள் வீடுவரை வந்து சேர்ந்திருக்கிறது. வலங்கை இடங்கை என்ற பேச்சே 19-ஆம் நூற்றாண்டோடு அடங்கிப்போனது என்கிறார் சார். பாட்டி அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒருதரம்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் 1970-களிலும் அவள் காலுக்கு அந்தக் கோடு தெரிந்திருந்தது.

தம்பி மகளிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க அத்தை, கடக்கலாம்" என்றாள். கடந்தோம்.

அந்தப் பக்கம் போனதும் எங்களோடு வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், நாங்க எந்தக் கைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" சார் சட்டென்று நடையை நிறுத்தினார். "தெரிஞ்சுக்க வேணாம் தம்பி. இந்த நடையில நான் யார்கிட்டயும் சாதி கேட்கமாட்டேன், யாருக்கும் சொல்லவும் மாட்டேன். அது மறுபடி முளைக்கறதுக்கு நான் தண்ணி ஊத்தமாட்டேன்" என்றார். கேட்டவர் வருத்தப்படவில்லை, தலையாட்டிக்கொண்டார். சாதியைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிவிட்டு, வந்தவர்களின் சாதியைத் தொடாமல் ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு போவது லேசான காரியமில்லை. பேங்கில் 30 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள் நான். பெயரைக் கேட்டதும் அடுத்த கேள்வியாக எது வரும் என்று எனக்குத் தெரியும்.

பூக்கடையில் சென்னகேசவப் பெருமாளும் சென்னமல்லீசுவரரும் பக்கத்துப் பக்கத்தில். பட்டணம் கோயில் என்போம். முதலில் இருந்த கோயில் இப்போதைய ஐகோர்ட் நிலத்தில் இருந்தது. கோட்டைக்காக அதையும் இடித்துவிட்டு, மாற்றாகக் கொடுத்த இடத்தில் 1760-களில் எழும்பியவை இவை. கும்பினிக்காரன் கோயிலைத் தொட்டுவிட்டு அப்படியே விட்டிருந்தால் ஊர் கொதித்திருக்கும், அதனால்தான் மாற்று இடம் கொடுத்தான் என்றார் சார். எனக்கும் அது சரி என்றே படுகிறது.

தங்கசாலைத் தெருவில் ஒரு கசோரி, ஒரு டீ. அது 350 ரூபாயில் சேர்த்தி. கசோரி சூடாக இருந்தது.

கடைசி நிறுத்தம் அரண்மனைக்காரத் தெரு. அர்மேனியன் தெருவுக்கு நம் ஜனங்கள் வாயில் வந்த பெயர் அது. அர்மேனியர் தேவாலயம், 1772. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். முற்றத்தில் கல்லறைக் கற்கள்மேல்தான் நடக்கவேண்டியிருக்கிறது. உலகத்திலேயே முதல் அர்மேனிய மொழிப் பத்திரிகை 1794-ல் இந்தச் சென்னையில் அச்சானது என்பதும், அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார் என்பதும் எனக்கு முழுக்கப் புதுச் செய்தி. அந்தத் தெருவின் ஒரு முனையில் பஸ்ஸுக்கு நின்று எத்தனை சாயங்காலத்தைக் கழித்திருக்கிறேன்!

அர்மேனியர் இந்தத் தெருவுக்கு வந்த கதையிலும் ஓர் எண்ணம்தான் வேலை செய்திருக்கிறது. 1749-ல் ஊரைத் திரும்பப் பெற்ற கும்பினிக்காரர்களுக்கு, பிரெஞ்சுக்காரன் கத்தோலிக்கன், ஆகவே கத்தோலிக்கர் எல்லாரும் அவனுக்கு உளவு சொன்னவர்கள் என்ற சந்தேகம். அர்மேனியர்கள்மேலும் அதே சந்தேகம். இரண்டு பேரையும் வெள்ளையர் நகரத்திலிருந்து வெளியேற்றினார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726-ல் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக்கொடுத்த பெத்ருஸ் உஸ்கான் ஓர் அர்மேனியர். இந்த ஊருக்கு அவ்வளவு செய்த சமூகம். நம்பிக்கை போனதும் அது கணக்கில் வரவில்லை. இன்று அதே தெருவில் அர்மேனியர் கோயில், புனித மரியன்னை இணைப் பேராலயம், கச்சாலீசுவரர் கோயில் எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. ஒன்றாக இருக்கவேண்டும் என்று யாரும் திட்டம் போட்டு வைத்ததில்லை. ஒவ்வொன்றும் தள்ளப்பட்டோ ஒதுக்கப்பட்டோ இங்கே வந்து சேர்ந்தது.

இனி எனக்குப் பட்ட குறைகள்.

முதலாவது, வசதி. மூன்றரை மணி நேரத்தில் பெண்கள் கழிப்பறைக்குப் போக ஓர் இடம்கூட ஏற்பாடு இல்லை. சர்க்கரை இருக்கிறவர்கள், வயதானவர்கள் எப்படி வருவார்கள்? அந்தப் பகுதியில் இது கஷ்டம்தான், ஆனால் ஏதாவது ஓர் ஓட்டலில் முன்கூட்டிப் பேசி வைக்கலாம். முடிந்ததும் சாரிடமே சொன்னேன். குறித்துக்கொண்டார். ஒலிபெருக்கியும் பிராட்வேயில் எடுபடவில்லை. பின்னால் நின்ற நாலு பேருக்கு முக்கியமான இடமே கேட்கவில்லை, நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டாவது, நேரப் பங்கீடு. காளிகாம்பாள் கோயிலிலும் பிராட்வேயிலும் நிதானம், அர்மேனியர் கோயிலில் அவசரம். அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் என்ற சுயாட்சிக்காக முழங்கிய கோகலே மன்றம் அதே தெருவில் இருந்தது. அது கைசுட்டிக் காட்டியதோடு சரி. தெருவுக்குச் சாதிக்கோடு போட்ட கதையை அவ்வளவு விரிவாகச் சொல்லுகிறவர், அந்தக் கோட்டை அழிக்கப் பார்த்தவர்களுக்கும் ஒரு மணி நேரம் தரவேண்டும் என்பது என் ஆசை. சின்னப் பையனாகக் கந்தகோட்டத்தில் நின்று பாடிய இராமலிங்க சுவாமிகள் வளர்ந்தது ஏழு கிணற்றுப் பக்கம் வீராசாமித் தெருவில். சாதியும் சமயச் சண்டையும் பொய் என்று பின்னாளில் சொல்லி, 1865-ல் சன்மார்க்க சங்கம் கண்டவர் இந்தப் பேட்டைகளின் பிள்ளை. ஏழு கிணறு வரை நடை போகவே இல்லை.

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிது. கும்பினி வரைபடத்தில் பெரிய பறைச்சேரி என்று ஓர் இடம் குறித்திருக்கிறது. சார் வரைபடத்தில் அதன்மேல் விரலை வைத்து இரண்டு வாக்கியம் சொன்னார். பறையர்கள் வலங்கையோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள், வலங்கையின் சண்டைகளில் முன்னால் நின்றவர்கள் அவர்கள் என்று. அதோடு போய்விட்டார். தெரு யாருக்கு என்று அடித்துக்கொண்டு கடைசியில் பங்கு போட்டுக்கொண்ட கதையில், அடி வாங்கியவர்களுக்கு எந்தத் தெரு கிடைத்தது? அவர்கள் சேரி பிறகு என்ன ஆயிற்று, அந்த இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள்? ஊரைக் கட்டிய எண்ணங்களைப் பற்றிய நடையில் இந்தக் கேள்வி ஓரத்தில் இருக்கக்கூடாது. இதையும் அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "நீங்க சொல்றது சரிம்மா. எனக்கு ஆவணம் கையில இருக்கற அளவுக்குத்தான் பேசறேன். இன்னும் படிக்கணும்" என்றார். அந்தப் பதிலை நான் மதிக்கிறேன்.

யாருக்கு ஏற்றது: நடக்க முடிந்த யாரும் வரலாம். பத்து வயதுக்குக் கீழ்ப் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் மூட்டை வண்டிகள் வந்துவிடும், செருப்புப் போதாது, ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைப் பறைச்சேரிக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.

முடிந்ததும் எல்லாரும் கலைந்தார்கள். நானும் தம்பி மகளும் மட்டும் திரும்பத் தம்புச் செட்டித் தெருவுக்குப் போய், எங்கள் பழைய வீட்டு வாசலில் நின்றோம். கிடங்கின் காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். இங்கேதான் பிறந்தேன் என்றேன். உள்ளே வந்து பார்க்கச் சொன்னார். கிணறு இருந்த இடத்தில் அட்டைப்பெட்டிகள். பின்சுவரில் மட்டும் அந்தப் பழைய மெல்லிய செங்கல் தெரிந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டாள்.

சார் அடுத்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு நடை தொடங்கப்போகிறார். 1734-ல் நெசவாளிகளுக்காகவே கும்பினி உண்டாக்கிய பேட்டை அது. சின்னத் தறிப்பேட்டை. இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டேன்.